பொட்டு வைத்த பட்டன்

அம்மா,

கண்ணாடி ஓரத்தில் நீ ஒட்டிவைத்திருந்த பொட்டை இன்று சாயங்காலம் அத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நாளை உன் பதினாறாம் நாள் அடியந்திரம். ஊரே சாப்பிட வரும், வீடு சுத்தமாக இருக்க வேண்டுமாம். சுரண்டிய இடத்தில் பசை மட்டும் வட்டமாக மிஞ்சியது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சுரண்ட வேண்டிய பொட்டு இன்னொன்று இருக்கிறது. அது உன் ஆபீஸ் போனில் இப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் யாரும் தொடவில்லை.

அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். பார்த்தால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவார். போர்வைக்குள் மொபைல் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கட்டில் கிரீச்சிட்டால் வெளிச்சத்தை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் பாறை உடைக்கிற அந்த கிரஷரின் ஆபீசுக்கு ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனாயே, புதிய போன் வந்த அன்று. வலது பக்கம் வரிசையாகப் பட்டன்கள். ஒன்றை அமர்த்தினால் ஒரு நம்பர் தானாகப் போகும். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல நீ அமர்த்தினாய். முதலில் புரோகிராம், பிறகு வேண்டிய பட்டன், பிறகு வெளி லைனுக்குப் பூஜ்யம், அப்புறம் நம்பர், கடைசியில் ஸ்டோர். முதலாளி, மேனேஜர், எடைமேடை, டீசல் பம்பு எல்லாம் போட்டு முடித்தபின் மூலையில் இருந்த கடைசிப் பட்டனில் பனச்சமூட்டு ஆம்புலன்ஸ்காரரின் நம்பரைப் போட்டாய்.

"மொபைல்ல நூத்தியெட்ட விளிச்சா தமிழ்நாட்டு டவர்ல போய் விழும். அவிய எந்த ஜில்லான்னு கேட்டு முடிக்கதுக்குள்ள பாறையில கெடக்கவன் செத்துப் போவான்" என்றாய். உன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்தப் பட்டனில் ஒட்டினாய். "வாசிக்கத் தெரியாதவனும் இதை அமர்த்துவானாக்கும்."

சரிபார்க்க ஒருமுறை அமர்த்தினோம். "எங்க வரணும்?" என்று அவர் கத்தினார்.

"எங்கயும் வராண்டாம் அண்ணா, சும்மா டெஸ்டாக்கும்."

"டெஸ்டா? சோத்தை விட்டுட்டு வண்டியில ஏறியாச்சு தங்கச்சி! இனி மீன்கறி ஆறிப் போச்சுன்னா நீதான் வச்சுத் தரணும்!"

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அப்புறம் வழியெல்லாம் அந்த நம்பரை என்னைச் சொல்லவைத்தாய். "பட்டனை ஆரு வேணும்னாலும் மாத்தலாம். நம்பரை மனசுல வச்சுக்கோ மக்களே."

மாற்றத்தான் மாற்றினார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் குடையைத் தூக்கி எறிந்தாய். முதலாளி வீட்டுக்கு ஒரு பட்டன் வேண்டும் என்று மேனேஜர் ஆம்புலன்ஸ் நம்பரை எடுத்துவிட்டாராம். "எப்பவாவது வேண்டியதுக்கு எதுக்கு ஒரு பட்டன்னு கேக்குதான்" என்றாய். அப்பா தலை நிமிராமல், "நீ ஒண்ணும் பேசாண்டாம்" என்றார். நீயும் பேசவில்லை. நம்பர் போன பிறகும் பொட்டை ஏன் அம்மா விட்டுவைத்தாய்? திரும்ப மாற்றிவிடலாம் என்று நினைத்தாயா? அவர்கள்மேல் இருக்கிற கோபத்தில் கொஞ்சம் உன்மேலும் இருக்கிறது.

பிறகு நடந்ததை உன்னோடு வேலை பார்த்த ஷீபா அக்கா அழுதுகொண்டே சொன்னாள். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்தாய். அவள் மொபைலில் நூற்றியெட்டை அழைத்தாள். நீ சொன்னதுபோலவே அது தமிழ்நாட்டுப் பக்கம் போய் விழுந்தது, எந்த ஜில்லா என்று கேட்டார்கள். வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பொட்டை அமர்த்தினாள். முதலாளி வீட்டுச் சமையல்காரர் எடுத்தார்.

"ஸார் குளிக்குகயாணு." முதலாளி குளிக்கிறாராம்.

தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடியும் பொட்டையே அமர்த்தினாள். மறுபடியும் அதே குரல். ஆம்புலன்ஸ்காரரின் நம்பர் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் குவாரி ஜீப்பில் உன்னைக் கிடத்தி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர், "கொஞ்சம் முன்னால கொண்டு வந்திருந்தா" என்று தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

நீ பள்ளிக்கூடத்துக்கு எனக்குக் கட்டிக்கொடுத்த சோறு அப்போது என் வயிற்றில் இருந்தது.

துக்கம் கேட்க வந்த மேனேஜர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "போன் சேச்சி தன்னே செட் செய்ததல்லே? தெற்றிப் போயதாவும்." நீயே தப்பாகப் போட்டுவிட்டாயாம். அப்பா தலையாட்டினார். ஆமாம் அம்மா, தலையாட்டினார். நான், "இல்ல, அம்மா சரியாத்தான்" என்று தொடங்கும்முன் என் மணிக்கட்டைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போனார்.

"வாயத் தெறக்காத. எனக்க வண்டிச் சாவி அவனுக்க கையிலயாக்கும். டிப்பர் ஓட்டலேன்னா நீ என்னத்தத் திம்ப?"

அவருக்கும் பயம்தான். அதற்காக என் கோபம் குறையவில்லை. உன்னைக் கொன்றதை உன் தலையிலேயே வைக்கிறார்கள். அந்தப் பட்டனை இன்னும் மாற்றவில்லை என்கிறாள் ஷீபா அக்கா. நாளைக்குப் பாறை சரிந்து யாராவது அடியில் கிடந்தாலும், ஓடிவந்து பொட்டை அமர்த்துகிறவனுக்கு முதலாளி குளிக்கிற செய்திதான் கிடைக்கும்.

நாளை முதலாளியும் மேனேஜரும் இலைக்கு முன்னால் உட்காருவார்கள். உன் பெயரில் போட்ட சோற்றில் அவர்கள் கை வைக்கும்முன், ஊர் கேட்க ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: அம்மா பொட்டு வைத்த பட்டனை அமர்த்தினால் இப்போது யார் எடுப்பார்கள்? அப்பா அடிப்பார். ஆனாலும் கேட்பேன். பதில் வராவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீசில் உன் மேசைக்கே போவேன்.

புரோகிராம். மூலைப் பட்டன். பூஜ்யம். நீ மனசில் வைக்கச் சொன்ன நம்பர். ஸ்டோர்.

வரிசை தப்பாது, அம்மா. உன் கூட இருந்து போட்டது.