ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி

ஒக்டோபர் 14, செவ்வாய். பசறை.

இன்று என் ஆங்கில வகுப்பைப் பார்க்க ஓர் அதிகாரி வந்திருந்தார். 'ஹெர்செல்ஃப்' வைத்து ஒரு வாக்கியம் கேட்டேன். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை கவிதா கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதினாள்: அம்மா தன்னைக் கண்ணாடியில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அதிகாரி சிரித்தார். "நல்லாப் பாடமாக்க வச்சிருக்கிறியள், டீச்சர்."

"நானேதான் எழுதுனேன் சார்," என்றாள் கவிதா.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். கவிதாவும் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாராட்டு எனக்கென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்ன ஜென்மமோ நான்.

பெல் அடித்ததும் வழக்கம்போல் பலகையை அழிக்க வந்தவள், முதலில் தன் வாக்கியத்தைத்தான் அழித்தாள்.