பெரட்டில் உங்கள் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, ஈப்போவிலிருந்து சாந்தினி எழுதுவது. நான் நலம். ஜொகூரில் அனைவரும் சுகம்தானே? போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

நீங்கள் ரப்பர் மரம் சீவிய பழைய தோட்டத்தில்தான் புதன்தோறும் பெரியவர்களுக்கு முட்டிக்கும் முதுகுக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அந்தக் காலத்தில் வேலைக்கு முன் ஆள் எண்ணிய மாதிரியே, பெரட்டில் பேர் கூப்பிடாமல் அவர்கள் இன்றும் எதையும் தொடங்குவதில்லை. அன்று உங்களுக்கெல்லாம் பெரட்டு எடுத்த உடையப்பன் மாமா உங்கள் பெயரையும் கூப்பிடுகிறார். “மங்களம் பேர வெட்டலயே லா, நாற்காலி போடும்மா” என்பார். போடுவேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, “மங்களம்!” என்றார். காலி நாற்காலியில் ‘மடக்’கென்று முட்டி சொடுக்கியது. தரையிலிருந்து எழும்போது உங்களுக்கு வருமே, அதே சத்தம். “வந்துட்டா,” என்று அவர் அடுத்த பேருக்குப் போனார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உங்கள் பழைய கைலி ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். இங்கே தூக்கம் பிடிப்பதில்லை. வலி இல்லையென்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தரையில் உட்காராதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்குங்கள்.

வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நேற்று மாலை போனில், காலையிலிருந்து முட்டிவலியே இல்லை என்று சிரித்தீர்கள். எத்தனை மணியிலிருந்து என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, அம்மா.

உங்கள் மகள்,
சாந்தினி