தறி திரும்பும் கப்பல்

சாமி,

பம்பாயில் கப்பலுக்குக் காத்திருக்கும் உனக்கு உன் அப்பன் சொல்லி எழுதுவது. எழுதுகிறவர் நம் தபால்காரர். ஒரு வரி விடாமல் திருப்பி வாசிக்க வைத்த பிறகுதான் ரேகை வைப்பேன்.

நேற்று உன்னைக் கூட்டிப்போகும் அந்த ஏஜெண்டு ராசிபுரத்துக்கு, நம் வீட்டுக்கே வந்திருந்தான். பெல்ஜியம் பொருட்காட்சியில் நீ நெய்து காட்ட விசா வாங்கியாகிவிட்டதாம். உன் பாஸ்போர்ட்டு கடைசிவரை அவன் ஆளிடமே இருக்குமாம்.

“நம்ம தறிக்கு அந்த நாட்டுல சுங்கம் உண்டுங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. ஆனா காட்சி முடிஞ்சதும் ஒரு கட்டை குறையாம திரும்பக் கப்பல் ஏத்தோணுமுங்க. அப்படி எழுதிக் குடுத்திருக்கறோம். தவறுனா அபராதம்.”

“எம்பையனைத் திருப்பி ஏத்தறதுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?”

“மனுசனுக்கு ஏதுங்க சுங்கம்?” என்று சிரித்தான்.

உன் பெரியப்பனைக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்பிடித்துக் கூட்டிப்போன கங்காணியும் இப்படித்தான் சிரித்தான். சிவப்புத் தலைப்பாகை, இடது கடைவாயில் வெற்றிலை. அவர் வருவாரென்று உன் பெரியம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன் பெண்டாட்டி, தான் சுகமாக இருப்பதாகவே எழுதச் சொன்னாள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கி இடுப்பில் முடிந்துகொள். தர மறுத்தால், சுங்கத்துக்குக் காட்டும் தறிச்சாமான் பட்டியலில், படமரத்துக்கும் நாடாவுக்கும் கீழே உன் பெயரையும் எழுதச் சொல். அவர்கள் உன் கண்ணெதிரே எழுதட்டும்.

நீ இல்லாமல் தறி மட்டும் வந்தால், வண்டியிலிருந்து இறக்க விடமாட்டேன்.

இடது பெருவிரல் ரேகை,
உன் அப்பன்