அப்பா கட்டிய இரண்டு பொட்டலம்

12-6-1968, புதன்

மனையியல் படிக்க எனக்குச் சென்னையில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி உள்ள கல்லூரிதான் வேண்டும் என்று ஒரு வாரமாகக் கத்துகிறேன். அப்பாவுக்கோ அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் வேண்டும். இன்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் விடுதி, சிவப்பு வந்தால் அத்தை வீடு. அங்கிருந்த குழந்தை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி.

"அம்மனே சொல்லிட்டா. இன்னும் எதுக்குமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிற?" என்றார் அப்பா.

மிஞ்சிய பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து வீட்டில் பிரித்தேன். அதிலும் சிவப்பு அரளி!

குடும்பம் நடத்துவதைப் படிக்கப் போகிறேனாம். இந்தக் குடும்பம் நடக்கிற லட்சணம் இது. விடியட்டும், அந்த அரளியை அவருடைய காப்பித் தம்ளர் பக்கத்திலேயே வைக்கிறேன். என்னைத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். அம்மனையும் அல்லவா அவர் கேட்கவில்லை!