இரண்டு கட்டம் காலியாக விடு

நேற்று கோயில் பாட்டுக் குழுவிலிருந்து கைப்பேசிக்கு ஒரு பாட்டு வந்தது. மேல் வரியில் ஸ்வரம், கீழ் வரியில் சொல். ஆனால் ஒரு ஸ்வரமாவது அதன் சொல்லுக்கு நேராக இருக்க வேண்டுமே! எல்லாம் இடப்பக்கம் சரிந்து, கடைசி இரண்டு சொல்லுக்கு மேலே ஆளே இல்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் இதைத் தட்டியது என்று கேட்கப் போனவள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். இதே குளறுபடியை ஒரு காலத்தில் உன் முன்னால் பெருமையாக நீட்டியவள் நான்.

அப்போது நாம் இருவரும் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள். பக்கத்துப் பக்கத்து மேசை. பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை பார்த்த உன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது பாடுவதற்கென்று நீயே ஒரு பாட்டுக் கட்டி, மெட்டும் போட்டு வைத்திருந்தாய். அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு முன்பே என்று சொல்லிவிட்டார்கள்.

"கேசட்ல பாடி வையேன்" என்றேன்.

"இந்தத் தொண்டையிலயா? என் பிள்ளை கல்யாணத்துல தவளை கத்துன மாதிரி இருக்கும் லா. நீ பாடு."

கேட்டுப் பாடமாக்கும் காது எனக்கில்லை. தாளில் இருந்தால் பிடித்துக்கொண்டு பாடிவிடுவேன். உன் கையெழுத்தோ மருந்துக்கடைக்காரரே திருப்பி அனுப்பும் கையெழுத்து. ஆகவே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ முணுமுணுப்பாகப் பாட, நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டினேன். அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஸ்வரம், சொல் இரண்டுமே ஆங்கில எழுத்தில்தான்.

கல்யாணப் பாட்டாயிற்றே என்று வளைவும் சுழிவுமான ஓர் எழுத்துருவை நான்தான் பிடித்து வைத்தேன். ஸ்வரங்களைத் தள்ளித் தள்ளி அதனதன் சொல்லுக்கு மேல் நிறுத்தினேன். அச்சில் வந்தபோது எல்லாம் கலைந்திருந்தது. நீ தாளை வாங்கி, அதில் இருந்தபடியே பாடிக் காட்டினாய். 'பொண்ணே' என்று இழுக்க வேண்டிய இடத்தில் 'கொஞ்சம்' வந்து இடித்தது. விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை. உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. உன் குரல் போகப் போகிறது, பாட்டு இன்னும் தாளில் ஏறவில்லை.

மறுநாள் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். எதிலும் எம் என்ற எழுத்து பரந்து உட்கார்ந்தது, ஐ என்ற எழுத்து ஒடுங்கி நின்றது. கடைசியில் பழைய டைப்ரைட்டர் எழுத்து மாதிரி ஒன்று அகப்பட்டது. குண்டுக்கும் ஒல்லிக்கும் அதில் ஒரே அகலம். ஸ்வரமெல்லாம் சொல்லின் தலைக்கு நேராக வந்து நின்றது.

"என்னடி இது, போலீஸ் சம்மன் மாதிரி இருக்கு!" என்றாய்.

"அழக கல்யாணப் பொண்ணு பாத்துக்குவா. நமக்கு வரிசைதான் வேணும்."

'கிளம்புற பொண்ணே, கொஞ்சம் நில்லு. கூந்தல் பூவைத் திருத்திக்கிட்டுச் செல்லு.' இதுதான் முதல் வரி. 'நில்லு'வுக்குப் பிறகு நீ சற்று நிறுத்தினாய். மூச்சு வாங்குகிறாய் என்று நினைத்து நான் அடுத்த சொல்லைக் கொண்டுவந்து ஒட்டினேன். நீ திரையை விரலால் தட்டினாய்.

"ஒட்டாத. ரெண்டு கட்டம் காலியா விடு."

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே?"

"ஒண்ணும் இல்லாததுக்கும் இடம் வேணும்டி. அவ திரும்பிப் பாக்கணும்ல?"

அந்த எழுத்துருவில் காலி இடமும் ஓர் எழுத்தின் அகலம் பிடிக்கும். நீ கேட்ட இடம் அப்படியே நின்றது.

கல்யாணத்தன்று நான் பாடினேன். நீ கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து மடியில் தாளம் போட்டாய். 'நில்லு' என்று நிறுத்தினேன். உன் விரல் இரண்டு முறை இறங்கியது. வாசலில் உன் மகள் திரும்பி உன்னைப் பார்த்தாள். அதன் பிறகே அடுத்த சொல்லை எடுத்தேன். அவ்வளவு நன்றாக நான் எதையும் பாடியதில்லை.

அடுத்த தீபாவளிக்கு நீ இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், உன் ஜெலுத்தோங் வீட்டுக் கூடத்தில் உன் மகள் அந்தத் தாளோடு வந்தாள்.

"ஆண்ட்டி, அம்மா பாட்ட ஒருவாட்டி பாடுங்களேன்."

கல்யாணப் பாட்டைக் காரிய வீட்டில் பாடுவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் கிடக்கிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். 'கிளம்புற பொண்ணே' என்றபோதே யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்துவிட்டது. 'நில்லு' என்றேன். இரண்டே தட்டு, எனக்கு எண்ணத் தெரியும். ஆனாலும் மேலே போக முடியவில்லை. உன் மகள் தாளைப் பார்த்து, தன் மடியில் தானே தட்டிக்கொண்டு, மிச்சத்தைப் பாடி முடித்தாள்.

இப்போதும் கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள். நானும் அவளும் சேர்ந்துதான் போகிறோம். 'நில்லு' வரை நான் பாடுவேன், அப்புறம் அவள். உன்னைப் பார்த்துச் 'செல்லு' என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.