கத்திய துளையும் முனகிய துளையும்

பிப்ரவரி 4

காதில் மணல், தலையணையில் மணல், இந்தப் பக்கத்தைத் தட்டினால் இதிலிருந்தும் மணல் உதிர்கிறது. இன்று ஐந்தாவது துளையைத் தொடங்கினோம். முதல் நான்கிலும் யுரேனியம் என்ற பேச்சே இல்லை. "இந்த மணற்கல்லிலா தேடப் போற?" என்று தலைமை அலுவலகத்தில் சிரித்தவர்களின் முகங்கள் வரிசையாக வந்து போகின்றன. சிரிக்கட்டும். இந்த இடம் நான் பிடித்த பிடிவாதம்.

மாத முடிவுக்குள் ஒன்றும் சிக்காவிட்டால் முகாமைச் சுருட்ட வேண்டும். எனக்கு அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலி தயாராம். மற்றவர்கள் கண்டுபிடித்ததை நான் கோப்பில் கட்டி வைக்கலாம். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம் என்று என் வீட்டுக்காரர் இவருக்கு உள்ளூர ஆசை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

பிப்ரவரி 6

துளை போடும் ரிக் வண்டியின் பெல்ட் அறுந்தது. வண்டியை இயக்கும் அண்ணன் அதைவிடச் சத்தமாகத் திட்டினார். ஆயுள் முழுக்க எந்திரத்தின் பக்கத்திலேயே நின்று காது மந்தமாகி, ரகசியம் பேசினால்கூட ஊருக்கே கேட்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே 'சத்தம்'.

பிப்ரவரி 9

கத்திவிட்டது! கத்தியேவிட்டது!

காமா கருவியைக் கயிற்றில் கட்டித் துளைக்குள் இறக்கினோம். கதிர்வீச்சு பட்டால் மேலே பெட்டியில் டிக் டிக் என்று கேட்கும். பாதி ஆழம் வரை சோம்பல் டிக். அப்புறம் ஒரே இரைச்சல்! சூடான எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல. சத்தம் அண்ணனுக்கே கேட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது துளைக்குள் விழப் பார்த்தது.

அந்த நிமிடமே தலைமை அதிகாரிக்குப் போன் போட்டுக் கருவி காட்டிய எண்ணைச் சொன்னேன். "உண்மையாவாம்மா?" என்று இரண்டு முறை கேட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு இவரோடு பேசினேன். எண்ணைக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன கலர்னு சொல்லவேயில்லையே?" என்றார். தினமும் அன்று துளையிலிருந்து வந்த கல்லின் நிறத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவேன், அந்தப் பழக்கம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நிறமென்றால் உயிர்.

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க! கலராம் கலர்!"

வைத்துவிட்டேன். பாவம். நாளைக்குச் சமாதானம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17

அன்றே லேப்புக்கு அனுப்பிய கல்லின் முடிவு வந்தது. கத்திய கல்லில் யுரேனியம் இல்லை. இருந்தாலும் இல்லாத கணக்குத்தான்.

எப்படி? எப்படி இல்லாமப் போகும்? அத்தனை பேரும் காதால கேட்டோமே. கருவி பொய் சொல்லுமா? இல்லை, எனக்குத்தான் பைத்தியமா?

அதிகாரி கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "போதும்மா, அடுத்த திங்கக்கிழமை ரிக்கை அனுப்பிடு. உடம்பையும் கொஞ்சம் பாத்துக்கோ" என்றார். அந்த இரக்கம்தான் தாங்க முடியவில்லை.

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18

பல் தேய்க்கும்போது இவருடைய கேள்வி நினைவுக்கு வந்தது. என்ன கலர்?

பிரஷ்ஷோடு ஓடினேன். கல் அடுக்கி வைத்திருக்கும் கொட்டகையில் ஐந்தாம் துளைப் பெட்டியைத் திறந்தேன். மஞ்சள். கருவி கத்திய ஆழத்திலும் மஞ்சள்தான். கண்ணிருந்தும் குருடி! பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நானே பாடம் எடுப்பேன், முதலில் கல்லைப் பார், பிறகு கருவியைக் கேள் என்று. இரைச்சலைக் கேட்டதும் கல்லைப் பார்க்காமல் போனை எடுத்தவள் நான்.

மறக்காமல் எழுதி வைக்கிறேன். நிலத்தடி நீர் யுரேனியத்தைக் கரைத்து இழுத்துக்கொண்டே போகும். காற்றுப் பட்டுத் துருவேறிய மஞ்சள் மணற்கல்லில் அது தங்காது. மக்கிய மரத்தூள் கிடக்கும் சாம்பல் கல்லுக்கு வந்ததும் அப்பாடா என்று உட்கார்ந்துவிடும். மஞ்சளும் சாம்பலும் தொடும் எல்லைதான் அதன் வீடு. அந்த எல்லையும் ஒரே இடத்தில் நிற்காது, தண்ணீரோடு மெல்ல முன்னே நகரும்.

கருவி கேட்பது யுரேனியத்தின் குரலை இல்லை. அது சிதைந்து பிறக்கும் ரேடியம் வகையறாவின் குரலைத்தான். அப்பன் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டான், பிள்ளைகள் பழைய வீட்டில் கூச்சல் போடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்!

அப்படியென்றால் யுரேனியம் இங்கே இருந்தது. போயிருக்கிறது. எங்கே? தண்ணீர் கிழக்கே போகிறது. கிழக்குக் கடைசியில் போட்ட நான்காம் துளை முழுக்கச் சாம்பல், ஒன்றுமில்லை என்று ஒதுக்கியிருந்தேன். ஐந்து மஞ்சள், நான்கு சாம்பல். எல்லை இரண்டுக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது.

அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 19

"சார், ஒரே ஒரு துளை."

"ஒவ்வொரு தடவையும் இதைத்தானேம்மா சொல்றே?"

"இந்தத் தடவை கல்லைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்."

நீண்ட பெருமூச்சு. "ரிக் கிளம்புற வரைக்கும் அது உன்னோடது. அப்புறம் கேக்கக் கூடாது."

கேட்க மாட்டேன். சத்தியமாக.

பிப்ரவரி 22

ஆறாவது துளை. காலையெல்லாம் மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மதியத்துக்கு மேல் குழாயிலிருந்து சாம்பல் கல் வழுக்கிக்கொண்டு வந்தது! நடுவே கரித்துண்டுகள், ஒன்றில் மரப்பட்டையின் வரிகூடத் தெரிகிறது. கல்லை நாக்கில் வைத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இதில் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கருவியை இறக்கினோம். முனகியது. போன துளையில் பாதிகூட இல்லை.

சத்தம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன மேடம், இப்படி முனகுது?"

"புது வீடுண்ணே. இப்பதான் குடிவந்திருக்கான். பிள்ளை குட்டி இன்னும் பொறக்கல, கத்துறதுக்கு ஆளில்லை."

"அப்போ சத்தமே இல்லாத வீட்லதான் சரக்கு இருக்குங்கிறீங்க?"

"ஆமா."

"இதை என் வீட்டுக்காரிகிட்ட சொல்லாதீங்க, என்னை வெளிய துரத்திடுவா."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே லேப்புக்கு அனுப்பும் கல்லைப் பையில் கட்டினேன். யுரேனியம் இல்லாத வெறும் ஏழைக் கல்லும் இப்படித்தான் முனகும். லேப் சொன்னால்தான் தெரியும்.

பிப்ரவரி 24

ரிக் போய்விட்டது. அதிகாரி ஆறாம் துளையின் எண்ணைக் கேட்டார், சொன்னேன். "ம்" என்றார்.

பிப்ரவரி 27

பெட்டி கட்டச் சொல்லிவிட்டார்கள். சட்டைகளை மடித்தேன். சாம்பல் கல்லை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

மார்ச் 4

வாசலில் ஹாரன். இப்படி விடாமல் அமுக்குகிறவர் ஒருவர்தான். ஓடிப்போனால் ரிக் வண்டி, மேலே சத்தம் அண்ணன். "மேடம்! எங்க போடணும்? காட்டுங்க! நிறையப் போடணுமாமே!" வரைபடம்கூட எடுக்காமல் கையை நீட்டினேன், ஆறாம் துளையிலிருந்து இரண்டு பக்கமும் எல்லை நெடுக.

அதிகாரி போனில் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் காது அடைத்தது. "கருவி சொன்னதைவிட லேப் பல மடங்கு யுரேனியம் சொல்லுதும்மா!"

கடை சாத்தும் நேரம் பார்த்து இவரைக் கூப்பிட்டேன். வாய் வரை வந்த எண்ணை விழுங்கிவிட்டு, "சாம்பல்" என்று மட்டும் சொன்னேன்.

ஷட்டர் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது.

"அப்போ நீ இப்போதைக்கு வீட்டுக்கு வர மாட்டே."

"இல்லை."

"சரி. கடையை ஒரு வாரம் சாத்திட்டு நான் வர்றேன். அது என்ன சாம்பல்னு நேர்ல பாக்கணும்."

வரும்போது தொப்பி எடுத்துவரச் சொன்னேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மடித்த சட்டைகளை எல்லாம் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.