யாரும் எழுதாத மின்னஞ்சல்

லா பிளாத்தா,
14 செப்டம்பர் 2009

அன்புள்ள ஒதிலியாவுக்கு,

நீயும் நம் மகள் நெலிதாவும் நலம்தானே? இதைத் தாளில் எழுதிக் கூரியரில் அனுப்பக் காரணம் உண்டு. என் பெயரில் கணினி வழியாக வரும் எதையும் இனி நீ நம்ப வேண்டாம். இதைத் தொலைபேசியில் சொல்லிவிட மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் ஸ்வீடனில் குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சுற்றி வளைத்துக்கொண்டே போய்விடுவேனோ என்று பயமாக இருப்பதால் முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். ஆகஸ்ட் 27 அன்று உனக்கு வந்த மின்னஞ்சல் நம் மகன் லிசாந்த்ரோ எழுதியதல்ல. மனிதர் யாரும் எழுதியதல்ல. தவறு என்னுடையது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஜூலையிலிருந்து எனக்கு ஒரே மாதிரி அஞ்சல்கள் வரத் தொடங்கின. அனுப்பியவர் பெயர் இருக்காது. “நீண்ட நாளாகிவிட்டது. நான்தான். எனக்கு எழுதுங்கள்” என்று மட்டும் இருக்கும். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோருக்கு இது வந்திருக்கிறதாம். யார் அனுப்புகிறார்கள், எதற்கு என்று இன்னும் எவருக்கும் பிடிபடவில்லையாம். மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். நான் பதில் எழுதினேன்.

என்னைத் திட்டுவதற்கு முன் யோசித்துப் பார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ராணுவ ஆட்சியின் ஆட்கள் நம் வீட்டுக்குள் புகுந்து அவனைக் கொண்டுபோனபின், இந்த ஊரில் நம்மைப் போன்ற குடும்பம் எதுவும் தொலைபேசி எண்ணை மாற்றியதில்லை. ராங் நம்பர் என்றாலும் இரண்டு வார்த்தை பேசாமல் வைத்ததில்லை. நீ நெலிதாவைக் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போனபோது நான் இங்கேயே தங்கியதும், மணி அடித்தால் கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்றுதானே?

ஆகவே ஒன்று விடாமல் பதினெட்டு அஞ்சல்களுக்கும் பதில் போட்டேன். எண்ணும் தேதியும் இட்டேன். அருங்காட்சியக வேலையில் ஆயுள் முழுக்க எலும்புகளுக்கு எண் போட்ட கை அல்லவா. பதினெட்டாவதில் மட்டும் அடக்கமுடியாமல், “நீ லிசாந்த்ரோவா? வீடு மாறவில்லை” என்று எழுதி, அதிலிருந்த இணைப்பையும் அழுத்தினேன். மறுநாள், என் முகவரிப் பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் என் கணக்கிலிருந்து அஞ்சல் போயிருந்தது. தலைப்பில் அவன் பெயர். உள்ளே “நான்தான். வீடு மாறவில்லை. எனக்கு எழுதுங்கள்.” கணினி பழுதுபார்க்கும் ரொமினா விளக்கினாள். “எவாரிஸ்தோ ஐயா, அது மெஷின். நீங்க எழுதினதையே வெட்டி ஒட்டி அனுப்பிடுச்சு. அதுக்கு உங்க பையன் யாரு, என் பாட்டன் யாருன்னு என்ன தெரியும்?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, காசு வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அந்த நாற்பத்தொரு பேரில் பெரும்பாலோர் காணாமல்போனவர்களைத் தேடும் நம் சங்கத்துக் குடும்பங்கள். சுல்மாவை உனக்கு நினைவிருக்கும். அவள் மகளும் திரும்பவில்லை. எண்பத்தாறு வயதில், கைத்தடியோடு இரண்டு பேருந்து மாறி வந்து வாசலில் நின்றாள். “எங்கடா அவன்? எனக்குக் காட்டாம உள்ள ஒளிச்சு வச்சிருக்கியா, கஞ்சப்பயலே?” என்று சிரித்துக்கொண்டே நுழைந்தாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். “மாத்தே டீ இருந்தா கொடு, நாக்கு வறண்டு போச்சு. என் பொண்ணு பேரைப் போட்டு வந்திருந்தா நானும் இதே கழுதை வேலையத்தான் செஞ்சிருப்பேன்” என்றாள். நாங்கள் இருவரும் ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தோம். அவளிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம்தான் முடியவில்லை.

நேற்று நெலிதா அழைத்தாள். “அப்பா, அம்மா டிக்கெட் போட்டுட்டா. அவனுக்குச் சட்டை வேற வாங்கப் போறாளாம். என்ன அளவுன்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னா. நான் என்ன சொல்லட்டும்?” என்று கேட்டாள். அவனைக் கொண்டுபோனபோது இருபத்தொன்று, இப்போது ஐம்பத்துமூன்று. எந்த வயதின் அளவைக் கேட்கிறாய் என்று யோசித்தேன். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்காக மன்னித்துவிடு. ராணுவத்தின் புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் யாருடையவை என்று ஆராய்கிறவர்கள், ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோரின் ரத்தம் கேட்டுப் பல ஆண்டுகளாக எழுதுகிறார்கள். ரத்தம் கொடுத்தால் அவன் உயிரோடு இல்லை என்று நாமே கையெழுத்திட்டதாகும் என்றாய். நானும் மறுத்துப் பேசவில்லை. பேசத் தைரியம் இல்லை. போன செவ்வாய்க்கிழமை போய் விரலை நீட்டினேன். ஒரு சொட்டுதான். அங்கிருந்த இளம்பெண், “அம்மாவோடதும் கிடைச்சா நிச்சயமா சொல்ல முடியும் ஐயா” என்றாள். நான் செய்தது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

ஒதிலியா, டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே. அக்டோபர் 3 அன்று விமான நிலையத்தில் நிற்பேன். என்னை மட்டுமே எதிர்பார்த்து வா. திங்கள் முதல் வியாழன் வரை காலையில் ரத்தம் எடுக்கும் அந்த அலுவலகம் திறந்திருக்கும். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். நீ வேண்டாமென்றால் அந்தத் தெருப் பக்கமே போக மாட்டோம். போவதென்றால், உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பயணத்தில் உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். சட்டை மட்டும் வாங்காதே.

உன்
எவாரிஸ்தோ